குத்துவிளக்கு வந்தது, பின்னாலேயே மெமோவும் வந்தது

ஆகஸ்ட் பிறந்தால் போதும், பெற்றோர் வாட்ஸாப் குழுக்களில் ஆசிரியர் தினப் பேச்சு தொடங்கிவிடும். "மிஸ்ஸுக்கு என்ன வாங்கலாம்?" என்று ஒருவர் கேட்பார். அரை மணி நேரத்தில் வசூல், கடை, யார் போய்க் கொடுப்பது எல்லாம் முடிவாகிவிடும். அந்த மிஸ்ஸிடம் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். சர்ப்ரைஸ் ஆயிற்றே! அப்படி ஒரு சர்ப்ரைஸால் ஒரு செப்டம்பரிலிருந்து அடுத்த மே வரை நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மத்திய அரசின் கீழ் வரும் ஒரு பள்ளியில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. ஊரும் பள்ளியும் வேண்டாம். எனக்கு வேலை போகவில்லை, சம்பளம் நிற்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் யாரிடம் போய்க் கேட்பது, எது நிஜமான ஆபத்து, எது வெறும் பயமுறுத்தல் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. ஸ்டாஃப் ரூமில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு எனக்கு. 38 பிள்ளைகள். செப்டம்பர் 4 சாயங்காலம், மறுநாள் விழாவுக்கான அலங்காரத்துக்காக நான் பள்ளியிலேயே இருந்தேன். வீட்டில் மாமியார் மட்டும். இரண்டு அம்மாக்கள் ஸ்கூட்டியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். கையில் பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், மல்லிகைப்பூ, ஒரு ரவிக்கைத் துணி. நடுவில் சிவப்பு வெல்வெட் பெட்டியில் ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு. "மிஸ்ஸுக்கு எங்க எல்லாரோட அன்பு பாட்டி" என்றார்களாம். அத்தை குங்குமம் கொடுத்து, காபி கொடுத்து, தட்டை வெறுமனே திருப்பக்கூடாதென்று ஒரு தேங்காயையும் வைத்து அனுப்பியிருக்கிறார். கிளம்பும்போது ஒருவர், "பாட்டி, அப்படியே தட்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்று போட்டோ எடுத்திருக்கிறார். அத்தை சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம் அன்று இரவே வகுப்புக் குழுவுக்குப் போய்விட்டது. நான் அந்தக் குழுவில் இல்லை. ஆசிரியர்கள் பெற்றோர் குழுவில் இருக்கக்கூடாது என்பது எங்கள் பள்ளியில் வாய்மொழி உத்தரவு.

ஏழரைக்கு வீடு வந்து பெட்டியைத் திறந்து பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். பேனா, கைக்குட்டை, பிள்ளைகள் செய்த வாழ்த்து அட்டை என்றால் ஒன்றுமில்லை. வெள்ளி! "நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன் அத்தை" என்றேன். "வெள்ளிக்கிழமை நெருங்குது, விளக்கைப் போய்த் திருப்பி அனுப்புவாங்களாம்மா?" என்றார். அவர் பக்கம் இருந்து பார்த்தால் அவர் சொல்வது நியாயம்தான். தாம்பூலத்தோடு வீடு தேடி வந்த மங்கலப் பொருளை மறுப்பது நம் பழக்கத்தில் இல்லை. மறுநாள் காலை பெட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். முதல்வரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நல்ல நாள் அதுவுமா எதுக்கு மேடம், மெதுவா கூப்பிட்டுக் கொடுத்துடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். வசூலை முன்னின்று நடத்திய அம்மாவை வரச்சொல்லிக் கொடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. "எங்களை அவமானப்படுத்தறீங்க மிஸ்" என்றார். வாங்க மறுத்து, மன்றாடி, கடைசியில் வாங்கிக்கொண்டு போனார். விஷயம் முடிந்தது என்று வகுப்புக்குப் போய்விட்டேன்.

அக்டோபரில் மெமோ வந்தது. அதற்கு முன்பே எங்கள் முதல்வர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவருக்கு ஒன்றும் தெரியாது. வகுப்பில் 36 பெற்றோர் ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்காத இரண்டு பேரின் பிள்ளைகள் பெயரைக் குழுவில் 'பாக்கி' என்று போட்டு, இரண்டு முறை ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். அதில் ஒருவர் ஒப்பந்த வேலையில் இருக்கும் அப்பா. அவர் மகளுக்குப் பருவத் தேர்வில் மதிப்பெண் குறைந்திருந்தது. பணம் கொடுக்காததால்தான் குறைத்துவிட்டார்கள் என்று மண்டல அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். பாக்கிப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும், அத்தையின் சிரித்த முகமும் இணைப்பு. விளக்கு திரும்பிப் போனது அவருக்குத் தெரியாது, குழுவில் யாரும் சொல்லவில்லை. இன்று வரை அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் பெயரைத் தலைப்பில் போட்டு, அவர் பிள்ளையைக் கடன்காரி மாதிரி 200 கண்கள் பார்க்க எழுதினால் அவர் வேறு என்ன நினைப்பார்? மதிப்பெண் விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது பொய். விடைத்தாள் இருந்தது, காட்டினேன்.

மெமோவைப் படித்தபோது கை நடுங்கியது. 1964-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகளில் விதி 3, விதி 13 ஆகியவற்றை மீறியதாகத் தெரிகிறது, பத்து நாளுக்குள் விளக்கம் தரவும் என்று இருந்தது. விதி 3 கேட்கும் 'முழு நேர்மை' என்ற சொல்லைப் பார்த்ததும் என்னைத் திருடி என்றே எழுதிவிட்ட மாதிரி இருந்தது. வேலைக்குச் சேரும்போது இந்த விதிகளைப் படித்தேன் என்று கையெழுத்துப் போட்டிருப்போம். யார் படித்தார்கள்? அன்று இரவுதான் உட்கார்ந்து படித்தேன்.

விதி 13 பரிசு பற்றியது. அரசு ஊழியர் பரிசு வாங்கக்கூடாது என்பதோடு நிற்கவில்லை. குடும்பத்தில் ஒருவரோ, அவர் சார்பில் வேறு யாருமோ வாங்க அனுமதிக்கவும் கூடாது என்று போட்டிருக்கிறது. ஆக, "நான் வீட்டில் இல்லை, மாமியார்தான் வாங்கினார்" என்பது அங்கே பதிலாகாது. அடுத்து, பரிசு என்றால் பொருள் மட்டும் இல்லை. இலவசப் பயணம், தங்குமிடம், சாப்பாடு, வேறு சேவை, பணமாக மதிப்பிடக்கூடிய எந்த ஆதாயமும் பரிசுதான். நெருங்கிய உறவினரோ, நம்மிடம் அலுவல் தொடர்பு இல்லாத சொந்த நண்பரோ தந்தால் தனிக் கணக்கு. நம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோருக்கு நம்மிடம் அலுவல் தொடர்பு இருக்கிறது, அவர் எவ்வளவு நெருங்கிப் பழகினாலும். எப்போதாவது ஒரு வேளைச் சாப்பாடு, வழியில் ஏற்றிக்கொண்டு போவது, சாதாரண விருந்தோம்பல் இவை பரிசு ஆகாது என்றும் அதே விதியில் இருக்கிறது. ஆனால் அலுவல் தொடர்பு உள்ளவர்களிடம் ஆடம்பர விருந்தும், அடிக்கடி விருந்தும் தவிர்க்க வேண்டும்.

எல்லாரும் சொல்லும் ஐயாயிரம் ரூபாய்க் கணக்கு இங்கேதான் வருகிறது. "5,000 வரைக்கும் வாங்கலாம் மேடம், ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் தைரியம் சொன்னார். 2019-இல் மத்திய அரசு அந்த வரம்பை உயர்த்தியது உண்மை. ஏ, பி பிரிவு ஊழியருக்கு 1,500 இருந்தது 5,000 ஆனது. சி பிரிவுக்கு 500 இருந்தது 2,000 ஆனது. அதற்கு மேல் போனால் முன் அனுமதி வேண்டும். அதனால் 4,900 ரூபாய்ப் புடவையை நிம்மதியாகக் கட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. தொகை எவ்வளவாக இருந்தாலும் விதி 3-இன் நேர்மைக் கேள்வி அப்படியே நிற்கும். அதோடு பல பள்ளி நிர்வாகங்கள் தங்கள் ஆசிரியர்களுக்குத் தனியாக நடத்தை விதி வைத்திருக்கும். எங்களுடையதில் மாணவரிடமோ பெற்றோரிடமோ பரிசு வாங்குவதே தடை. இன்னொன்று, "ஆளுக்கு முந்நூறுதானே" என்று அந்த அம்மா கடைசி வரை சொன்னார். விளக்கின் பில் 10,800 ரூபாய். உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததன் மதிப்பைத்தான் பார்ப்பார்கள், எத்தனை பேர் பங்கு போட்டார்கள் என்பதை இல்லை.

பயத்தில் முதலில் வக்கீலிடம் ஓடினோம். என் வீட்டுக்காரரின் நண்பர் மூலம் பிடித்தவர். ஊழல் தடுப்புச் சட்டம், மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை என்று ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அவரே, 2018 திருத்தத்துக்குப் பின் அந்தச் சட்டத்தில் 'முறையற்ற ஆதாயம்' என்பது அரசுப் பணியைச் செய்வதோடோ செய்யாமல் விடுவதோடோ தொடர்புபட்டிருக்க வேண்டும், இது துறை சார்ந்த விசாரணையோடு நின்றுவிடும் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆறு பக்கத்துக்குச் சட்டமொழியில் ஒரு பதில் தயாரித்து 12,000 ரூபாய் வாங்கினார். அந்தப் பதிலை நான் அலுவலகத்தில் கொடுக்கவே இல்லை. ஓய்வுபெற்ற ஒரு சங்கத் தோழர் (எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்) மெமோவை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல 14-ம் இல்ல, 16-ம் இல்லயேம்மா, எதுக்கு வக்கீல்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு 12,000 ரூபாய் மதிப்பு இருந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1965-ஆம் ஆண்டின் வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீட்டு விதிகள் என்று ஒன்று உண்டு. அதில் விதி 14-இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ) வந்தால் பெரிய தண்டனை வரை போகலாம். விதி 16 என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் மாதிரியான சிறு தண்டனைகள். இரண்டும் இல்லாமல் வெறுமனே 'விளக்கம் தரவும்' என்றிருந்தால் இன்னும் உண்மையைத் தெரிந்துகொள்ளும் கட்டத்தில்தான் இருக்கிறார்கள். மாநில அரசுப் பள்ளிகளில் இதே இடத்தில் சிறு தண்டனைக்கு 17(ஏ), பெரிய தண்டனைக்கு 17(பி) என்று பேசிக்கொள்வார்கள். எந்த மெமோ வந்தாலும் முதலில் இந்த எண்ணைத் தேடுங்கள், பிறகு பயப்படலாம். அண்ணன் சொன்ன இன்னொன்று: "நீ நல்லவன்னு எழுதாத. தேதி, நேரம், யாருகிட்ட கொடுத்த, யாரு பார்த்தா, அவ்வளவுதான்."

அங்கேதான் சிக்கினேன். தேதி தெரியும், நேரம் தெரியும். யார் பார்த்தார்கள்? நான் விளக்கைக் கொடுத்தது ஸ்டாஃப் ரூம் வாசலில், இடைவேளையில். குறைந்தது ஆறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எழுதித் தரச் சொன்னதும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. "ஏதோ பை கொடுத்தீங்க, உள்ளே என்னன்னு தெரியாதே" என்றார் பன்னிரண்டு வருஷமாக என்னோடு மதியச் சாப்பாடு பகிர்ந்துகொள்ளும் ஒருவர். அவர் பயம் அவருக்கு. ஆனால் அன்று எனக்கு இருந்த வலியை இங்கே நாகரிகமாக எழுத வரவில்லை. பழைய முதல்வருக்கு போன் செய்தேன். "சொன்ன மாதிரி இருக்கு, ஆனா எழுத்துல எதுவும் இல்லையே மேடம்" என்றார்.

காப்பாற்றியது ஒரு நகைக்கடைச் சீட்டு. விளக்கை வாங்கிப் போன அம்மா அதைச் சில நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டு, செப்டம்பர் 9 அன்று கடையில் திருப்பியிருக்கிறார். வெள்ளிச் சாமானைத் திருப்பினால் செய்கூலி, சேதாரம் எல்லாம் போய்விடும். 10,800-க்கு வாங்கியது 8,600 ஆகிவிட்டது. பாக்கி 2,200-க்கு யார் பொறுப்பு என்று குழுவில் சண்டை. அதனால் பணத்தை யாருக்கும் திருப்பாமலே வைத்திருக்கிறார். இதெல்லாம் அக்டோபர் கடைசியில்தான் எனக்குத் தெரிய வந்தது. சீட்டின் நகலைக் கேட்டால் முதலில் தர மறுத்தார். அவர் பெயரும் விசாரணையில் வந்துவிடுமோ என்ற கலக்கம். அவர் கணவர்தான், "மிஸ் நமக்காக மாட்டிக்கிட்டு நிக்கறாங்க" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார். புகார் தேதிக்கு முந்தைய தேதியில், வாங்கியவர் பெயரோடு, வாங்கின அதே பில் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு ரிட்டர்ன் சீட்டு. அதைவிட ஒரு சாட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

அந்த 2,200 ரூபாயை நான் கொடுத்தேன். வக்கீல் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்று. ஆனால் 36 வீட்டுக்கும் முழு 300 போய்ச் சேராவிட்டால் மிச்சத்தை மிஸ் எடுத்துக்கொண்டார் என்ற பேச்சு சாகும்வரை ஓயாது. நானே அனுப்பவில்லை. அந்த அம்மாவின் கணக்கிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஜிபேயில், 'விளக்குப் பணம் திரும்ப' என்று குறிப்பெழுதி அனுப்ப வைத்தேன். எல்லா ஸ்கிரீன்ஷாட்டும் பதிலோடு இணைத்தேன். இதில் வக்கீல் பேச்சைக் கேட்காதது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

டிசம்பரில் மண்டல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணியமான மனிதர். என்னிடம் வாக்குமூலம், பெற்றோரிடம் வாக்குமூலம், விடைத்தாள் பரிசீலனை. பிறகு, வாங்கியவர் என்ற முறையில் அத்தையிடமும் எழுத்தில் வேண்டும் என்றார். எனக்கு அவமானமாக இருந்தது, அத்தைக்கு இல்லை. 74 வயதில் முதல் தடவையாக அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதுகிறார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான்தான் வாங்கினேன். என் மருமகளுக்குத் தெரியாது. அவள் அன்றைக்கே என்னைத் திட்டினாள். நான் சும்மா வாங்கவில்லை, தேங்காய் கொடுத்தேன்" என்று கொட்டை கொட்டையாக எழுதினார். அதிகாரி படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தேங்காயை எடுத்துடலாமாம்மா?" என்றார். "உண்மையைத்தானே எழுதச் சொன்னீங்க" என்றார் அத்தை. தேங்காய் கோப்பில் இருக்கிறது.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கொடுமை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உண்டா என்று படிவத்தில் ஒரு கட்டம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராதவரை நடவடிக்கை நிலுவையில் இருப்பதாகக் கொள்ள முடியாது என்பது 1991-இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதவி உயர்வு விஷயமாகச் சொன்னது. அண்ணன் அதை எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் எடுபடவில்லை. "விசாரணை முடியட்டும் மேடம்" என்று விண்ணப்பத்தை அனுப்பாமலே வைத்துவிட்டார்கள். அந்த ஊரில் இருந்த காலியிடம் வேறொருவருக்குப் போனது. என் அம்மாவுக்கு அப்போது டயாலிசிஸ் ஆரம்பித்திருந்த நேரம். இழப்பு என்று கணக்குப் போட்டால் வக்கீல், சென்னைக்குப் போய்வந்த செலவு, விளக்கின் சேதாரம் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் அடங்கும். மாற்றல் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஏப்ரலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு, என் விளக்கத்தின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று மட்டும் கேட்டேன். சட்டப்படி முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை நடக்கும்போது அதையே காரணம் காட்டி விவரம் மறுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு, அதனால் கோப்பின் நகல் எதுவும் கேட்கவில்லை. மே மாதம் ஒரு பக்கக் கடிதம் வந்தது: விளக்கம் ஏற்கப்பட்டது, எதிர்காலத்தில் விழிப்புடன் இருக்க அறிவுறுத்தப்படுகிறது, விஷயம் முடிக்கப்படுகிறது. அறிவுரை என்பது தண்டனை இல்லை, கண்டனம் என்றால்தான் தண்டனை. இந்த வித்தியாசத்தையும் அண்ணன்தான் சொன்னார். நான் கடிதத்தைப் பார்த்ததும் தண்டனை என்றே நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

இதற்குப் பிறகு என் கண்ணுக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. விளக்கு கண்ணுக்குத் தெரியும் பொருள், பிரச்சினை ஆனது. கண்ணுக்குத் தெரியாதவைதான் பள்ளிகளில் அதிகம். பாடநூல் துணைப் புத்தகம் விற்க வருபவர் வைத்துவிட்டுப் போகும் டிராவல் பேக், சுற்றுலா பஸ் ஏற்பாடு செய்பவர் ஆசிரியரின் குடும்பத்துக்குத் தரும் இலவச சீட், குரூப் போட்டோ எடுப்பவர் ஃபிரேம் போட்டுத் தரும் உங்கள் வீட்டுக் கல்யாணப் படம். பெற்றோரில் ஒருவர் கோச்சிங் சென்டர் வைத்திருக்கிறார் என்பதால் உங்கள் மகனுக்குப் பாதிக் கட்டணம். டாக்டர் அப்பா ஃபீஸ் வாங்குவதில்லை. ஒரு நாள் மழையில் ஒரு பெற்றோர் காரில் ஏற்றிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தினமும் அதே காரில் வந்து இறங்கினால் அதற்கு விதியில் இருக்கும் சலுகை பொருந்தாது. சக ஊழியரின் பிரிவு உபசார விழாவுக்கு வசூலிப்பதிலும் கவனம் வேண்டும். ஓய்வு, மாற்றல் சமயத்தில் எளிமையாக, தனிப்பட்ட முறையில் நடத்துவதற்கு நடத்தை விதிகளின் விதி 14-இல் இடம் இருக்கிறது. கட்டாயப்படுத்தி வசூலிக்கக்கூடாது. கடைநிலை ஊழியரிடம் நோட்டை நீட்டி "நீங்க எவ்வளவு?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதும் கட்டாயம்தான்.

மற்ற பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் இது மத்திய அரசு விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். மாநில அரசுப் பள்ளிகளுக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசு உதவி பெறும் பள்ளிக்காரர்கள் நிறையப் பேர் "நாங்க மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்" என்கிறார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவன ஊழியரும் பொது ஊழியர்தான், ஆசிரியர் மட்டுமல்ல, அட்மிஷன் பார்க்கும் கிளார்க்கும். பெற்றோருக்கும் ஒன்று. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். வற்புறுத்தலில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட்டால் தப்பலாம். அட்மிஷனுக்காக 'அன்பளிப்பு' கேட்டார்கள் என்று ஒரு வருஷம் கழித்துப் புலம்புவதில் பயனில்லை.

இப்போது ஜூன் மாதம் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே, பரிசு வேண்டாம், என் பெயரில் வசூல் வேண்டாம் என்று சொல்லி, கூட்டக் குறிப்பேட்டிலும் எழுத வைத்துவிடுகிறேன். முதல் வருஷம் ஓர் அம்மா, "குழந்தை வரைஞ்ச கார்டு கூடவா மிஸ்?" என்றார். கார்டு தாராளமாக. ரோஜாப்பூவும். ஒரு சாக்லேட் வந்தால் அங்கேயே உடைத்து எல்லாருக்கும் கொடுத்துவிடுவேன். வீட்டில் அத்தையிடம், யார் வந்தாலும் காபி கொடுங்கள், கையில் எதையும் வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்பாரா தெரியாது.

அப்படியும் வந்துவிட்டால் அன்றைக்கே எழுதுங்கள். வாட்ஸாப் மெசேஜ் போதாது. முதல்வருக்கு மின்னஞ்சல், அதன் அச்சுப் பிரதி அலுவலகத்தில், வரவு எண்ணும் தேதி முத்திரையும் உங்கள் நகலில். பொருளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் பில் இருந்தால் அதையும். திருப்பிக் கொடுப்பது முதல்வர் அறையில், வாங்குபவர் கையெழுத்தோடு. வாங்க மறுத்தால் பள்ளியில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், வீட்டில் ஓர் இரவுகூடக் கூடுதலாக வைக்காதீர்கள். கடிதத்தில் இவ்வளவு இருந்தால் போதும்: "இன்று (தேதி) மாலை சுமார் ஆறு மணிக்கு, நான் வீட்டில் இல்லாதபோது, என் வகுப்பு மாணவரின் பெற்றோர் இருவர் (பெயர்கள்) ஒரு ஜோடி வெள்ளி விளக்கை என் மாமியாரிடம் கொடுத்துச் சென்றுள்ளனர். இதை நான் கேட்கவில்லை, ஏற்கவும் இல்லை. நாளை காலை தங்கள் முன்னிலையில் திருப்பித் தர அனுமதி வேண்டுகிறேன். இதற்காக யாரிடமும் வசூலித்திருந்தால் அந்தப் பணம் அவரவருக்கே திரும்பச் சேர வேண்டும் என்பதையும் பெற்றோருக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." கீழே கையெழுத்து, பதவி, அலைபேசி எண்.